மாரிவெற்றி

அன்புள்ள சுப்பு,

கடிதம் வந்தது. பேத்தி நடக்கிறாள் என்றதும் வீட்டில் எல்லோரும் குதித்தோம், என் முழங்கால் தவிர. டாக்டர் படியேறவே கூடாது என்றுவிட்டார். கட்டிலே கதி. மெக்சிகோ வரலாறு படித்துக்கொண்டு கிடக்கிறேன்.

அவர்களுடைய முதல் குடியரசுத் தலைவர் குவாதலூப்பே விக்டோரியா உன் கட்சிடா. பெற்றோர் வைத்த பெயர் ஹோசே மிகுவேல் ரமோன். சட்டம் படித்த பிள்ளை. ஸ்பெயினை எதிர்த்த படையில் சேர்ந்த பிறகு, அந்த ஊர் மாதாவின் பெயரோடு வெற்றியையும் சேர்த்துத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். நம்மூர்க் கணக்கில் மாரிவெற்றி! நீயும்தான் கல்லூரியில் 'இளந்தென்றல்' ஆனாய். ஆனால் அவர் 1812இல் ஓஹாக்கா நகர அகழிக்கு அந்தப் பக்கம் வாளை வீசி, "அது அடமானம், மீட்கப் போகிறேன்" என்று நீந்திப் போனாராம். நீ கவியரங்க மைக்கைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டாய்.

எனக்கு வாளைவிட அந்தப் படை தோற்றுச் சிதறிய காலம்தான் பிடித்திருக்கிறது. பலரும் அரசிடம் மன்னிப்பு வாங்கி வீடு திரும்பினார்கள். இவர் மாட்டேன் என்று வெராக்ருஸ் காட்டுக்குள் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கும் மேல் காயும் கிழங்கும் தின்று பிழைப்பு. செத்துவிட்டார் என்றே பேச்சு. 1821இல் வெளியே வந்தார். வலிப்பு நோய் கடைசிவரை விடவில்லை, 1843இல் உயிரைக் கொண்டுபோனதும் அதுதான்.

1824 அக்டோபரில் நாற்காலி. காட்டில் தாக்குப்பிடித்தவரைக் கஜானா படுத்திவிட்டது. லண்டன் கடனில் அரசாங்கம் ஓடியது. கடன் திரட்டிக் கொடுத்த கம்பெனியே 1826இல் திவால். அடுத்து, துணைத் தலைவர் நிக்கோலாஸ் பிராவோவே கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். 1828 கடைசியில் தேர்தல் தகராறு முற்றி, தலைநகரின் பாரியான் கடைவீதியே சூறை போனது. திறமை போதாது என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும். 1829இல் காலம் முடிந்ததும் எழுந்து போனார் இல்லையா? அடுத்து வந்த கெரெரோவை அந்த வருஷமே துரத்தினார்கள், 1831இல் சுட்டும் கொன்றார்கள்.

உன் 'இளந்தென்றல்' நோட்டு எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. என்னால் ஏற முடியாது. நீ வந்துதான் எடுக்கணும்.

அன்புடன்,
ராமு