வள்ளத்தில் ஏறி எடுங்கள்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். அப்பா கடலுக்குப் போனார், அம்மா மீன் விற்றார். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் முட்டம். 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) இரண்டையும் அங்கேதான் எடுத்தார்கள். அந்தப் பாறைகளைத் தமிழ்நாடே பார்த்தது. எங்களுக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் கேமரா அதே பாறைமேல்தான் நிற்கிறது. இறங்கி வந்து வள்ளத்தில் ஏறவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் படங்களில் கடல் என்றால் காதலர்கள் ஓடுகிற மணல், கடத்தல் சரக்கு இறங்குகிற இடம், அதுவும் இல்லையென்றால் விதி. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை ரொம்ப வருத்துகிறது. கரையில் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலில் கணவன் பிழைப்பான் என்ற நம்பிக்கையை, 1965-இல் வந்த மலையாளப் படம் 'செம்மீன்' கடற்கரை தாண்டியும் கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் எத்தனை வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் சுறா பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். புயல் வருகிறது என்ற தகவல் அத்தனை தொலைவில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. படகிலிருந்த வயர்லெஸ்ஸுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. அவர்கள் செத்தது அதனால். வீட்டிலிருந்த பெண்களின் கற்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நாட்களில் டிவி கேமராக்கள் வந்தன. அழுகிற முகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஏன் தகவல் எட்டவில்லை என்பதை ஒரு முழுநீளப் படமாக எடுத்தால், அதைவிடப் பதைபதைப்பான கதை வேறென்ன இருக்கிறது?

அப்புறம் மீன் விற்கும் பெண். தமிழ்ப் படத்தில் அவருக்கு ஒரே வேலைதான்: இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்துவது, கெட்ட வார்த்தை பேசிச் சிரிக்க வைப்பது. என் அம்மா விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்விடுவார். கையில் காசு இருக்காது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஒரு கூறு எடுக்க வேண்டும். எந்தத் தெருவில் சாளை போகும், எந்த வீட்டில் அயிலை கேட்பார்கள், யார் சனிக்கிழமை காசு தருவார்கள், ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாக் கணக்கும் அவர் தலைக்குள்தான். மீன் மிஞ்சிப்போன அன்று வீட்டில் அவர் பேசவே மாட்டார். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அவரைப் போன்றவர்களைப் பல வருடங்களாக நகைச்சுவைக் காட்சியில் நிறுத்தி வைத்ததற்கும் அந்தப் பேருந்தில் நடந்ததற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பேச்சும் அப்படித்தான். எங்கே கடலைக் காட்டினாலும் வடசென்னைக் காசிமேட்டுப் பேச்சு. எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையை 'மக்களே' என்று கூப்பிடுவோம். ராமேஸ்வரத்துப் பேச்சு வேறு, நாகப்பட்டினத்துப் பேச்சு வேறு. 14 மாவட்டங்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிற கரை இது. கடலே ஊருக்கு ஊர் வேறு. பாக் நீரிணையில் ஆழம் குறைவு, அலையும் குறைவு. எங்கள் பக்கம் ஆடி மாதத்து அலையைத் தாண்டி வள்ளம் இறக்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும். காசிமேட்டையாவது ஒழுங்காகக் காட்டினீர்களா என்றால் அதுவும் இல்லை, அங்கே கத்தியைத் தவிர வேறெதையும் நீங்கள் காட்டியதில்லை. விடிகாலையில் வலை சிக்கெடுக்கிறவனுக்கு ஒரு காட்சி கிடைக்காதா?

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'நீர்ப்பறவை' (2012) இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூட்டைப் பேசியது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் பெரியவர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நம்மைப் பற்றி யாரோ விசாரித்திருக்கிறார்கள் என்ற நிறைவு அது.

நீங்களும் விசாரியுங்கள் என்றுதான் கேட்கிறேன். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கடலுக்குள் இடம் குறிக்கிற கணியத்தை எங்கள் கிழவர்கள் இன்னும் சொல்லித் தருவார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு அதைக் கேட்க ஆளில்லை. பாடு இல்லாத நாளில், அதாவது மீன் கிடைக்காத நாளில், டீசல் கடனை எப்படி அடைக்கிறோம் என்று கேளுங்கள். குமரியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய் அங்குள்ள படகுகளில் கூலிக்கு மீன் பிடிக்கிற பையன்களைக் கேளுங்கள்.

மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் கரையில் கட்டிக்கிடந்த படகுகளில் அந்தக் கடைசி இரவில் ஐஸ் ஏற்றுவார்கள், டீசல் நிரப்புவார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள். அந்த இரவுக்கு ஒருமுறை வாருங்கள். சூரிய உதயத்தை எடுக்கலாம் என்று காலையில் வந்தீர்களென்றால் படகுகள் போயிருக்கும்.

அன்புடன்,
குமரிக் கடற்கரையிலிருந்து ஒருவன்