ஓம் விதியும் ஒரு ஹெச்.பி. மோட்டாரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அன்னூரில் 22 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் போன வாரம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் ரன்னிங் காயிலுக்கு அப்போது மீட்டர் வைத்திருந்தேன். மின்தடை 3 ஓம் காட்டியது. "ஓம் விதிப்படி வோல்டேஜை, 230-ஐ, 3-ஆல வகுத்தா 76 ஆம்பியர் கரண்ட் வருதேப்பா, வயர் எரிஞ்சிடாதா?" என்றாள். மோட்டாரைப் பூட்டி ஓடவிட்டு வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டேன். 5 ஆம்பியர்தான்.

காந்தம் மாறினால் காயிலில் வோல்டேஜ் பிறக்கும் என்ற ஃபாரடே விதி, அது அந்த மாற்றத்தையே எதிர்க்கும் என்ற லென்ஸ் விதி இரண்டையும் பிழையில்லாமல் ஒப்பிப்பவள் அவள். மிச்ச 71 ஆம்பியரைத் தடுத்து நிற்பது அந்த விதிகள்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நம் லைனில் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று திசை மாறி மாறி ஓடுகிறது. காயிலின் காந்தமும் கூடவே மாறுகிறது. மாறும் காந்தம் அதே காயிலில் எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. அதே காயிலுக்கு 230 வோல்ட் டி.சி. (திசை மாறாத கரண்ட்) கொடுத்தால் இந்தத் தடுப்பு இருக்காது, புகைந்துவிடும்.

லோ வோல்டேஜில் விவசாயிகளின் மோட்டார் எரிவதும் இப்படித்தான். வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் இழுக்க வேண்டிய தண்ணீர் குறைவதில்லையே! மோட்டாருக்குள் சுழலும் ரோட்டர் திணறி வேகம் குறையும்போது தடுப்பும் குறைந்து கரண்ட் ஏறுகிறது. கரண்ட் இரட்டித்தால் காயிலில் சூடு நாலு மடங்கு. கருகிய காயிலோடு வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாத கோடை இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. பாடம் முடிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது காயில் சுற்ற வேண்டும். 1831-ல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றினார். ஒன்றில் பேட்டரியை இணைக்கும் நொடியிலும் எடுக்கும் நொடியிலும் மட்டுமே மற்றதோடு வைத்திருந்த காந்த முள் அசைந்தது. கரண்ட் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் அசைவில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு லென்ஸ் விதியை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. வீட்டு லைனைத் தொடவே வேண்டாம், பேட்டரி போதும்.

கல்வித்துறை இதைச் செய்முறையில் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை எங்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வரலாம். வயரும் வளையமும் நான் தருகிறேன், காசு வேண்டாம். சிறு கரண்டையும் முள் அசைவில் காட்டும் கால்வனாமீட்டர் மட்டும் பள்ளியிலிருந்து கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
அன்னூர், கோவை மாவட்டம்.