கேம் கருவியோடு வந்த கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்களை ஓட்டும் கையடக்கக் கருவிகளுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் செய்வது பற்றி உங்கள் விடுமுறை இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கருவியோடு தரும் மெமரி கார்டு மட்டமானது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல கம்பெனி கார்டில் புதிய சாஃப்ட்வேரை ஏற்றிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். கார்டு மட்டமானது என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. தூக்கிப் போடச் சொன்னதுதான் வம்பு. உங்கள் கருவியில் எந்த டிஸ்ப்ளே பொருத்தியிருக்கிறார்கள் என்ற தகவல் அந்த மட்டமான கார்டுக்குள்தான் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்காது, பில்லிலும் இருக்காது.

பரவலாகக் கிடைக்கும் ஆர்36எஸ் மாடலையே எடுத்துக்கொள்வோம். ஆர்கே3326 சிப், 1 ஜிபி ராம், 3.5 அங்குலத் திரை, 640க்கு 480 புள்ளிகள், கீழே இரண்டு கார்டு துளைகள். அசல் ஆர்36எஸ்ஸில் சாஃப்ட்வேரைச் சேமித்து வைக்க உள்ளே தனி மெமரி இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் சிப் முதல் துளையில் இருக்கும் கார்டைத் தேடும். அதிலிருக்கும் ஆர்க்ஓஎஸ் என்ற லினக்ஸ் அமைப்பை எடுத்து ஓடவிடும். ஆகவே இந்தக் கருவியில் அப்டேட் என்றால் கார்டை மாற்றி எழுதுவது, அவ்வளவுதான். அது சொதப்பினாலும் போர்டு சாகாது. அப்டேட்டுக்குப் பிறகு படம் வராத கருவியைப் பார்த்து 'போர்டு போயிடுச்சு, மாத்தணும்' என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் பழைய கார்டைச் செருகி ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

டிஸ்ப்ளே விஷயத்துக்கு வருவோம். இந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் அவ்வப்போது கைக்குக் கிடைத்த டிஸ்ப்ளே பேனலை வாங்கிப் பொருத்துகிறார்கள். மாடல் பெயர் மாறாது, பேனல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். பயன்படுத்துகிறவர்களே பேனல் 1, 2, 3, 4 என்று எண் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்காதவையும் உண்டு. ஒவ்வொரு பேனலும் கண் விழிக்கத் தனித்தனிக் கட்டளை வரிசை வேண்டும், அதற்கென்று நேர அளவுகள் வேண்டும். அவையெல்லாம் 'டிடிபி' என்று முடியும் ஒரு சிறிய ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். தவறான டிடிபி இருந்தால் பின்விளக்கு எரியும், மெனு சத்தம் கேட்கும், படம் மட்டும் வராது. சிலவற்றில் கோடு கோடாக வரும், சிலவற்றில் நிறம் தலைகீழாகும். சத்தம் வந்து படம் வராவிட்டால் சாஃப்ட்வேர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, டிடிபிதான் தவறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே முதல் வேலை, பழைய கார்டைப் படியெடுப்பது. கருவியை மெனு வழியாக ஷட்டவுன் செய்யுங்கள். பவர் பட்டனை லேசாகத் தட்டினால் அது தூங்கப் போகுமே தவிர அணையாது. அந்த நிலையில் கார்டை உருவினால் ஃபைல்கள் கெடும். கார்டைப் பெரிய எஸ்டி அடாப்டரில் போட்டு, அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் லாக்கைக் கீழே தள்ளிய பிறகு லேப்டாப்பில் செருகுவது நல்லது. பெரும்பாலான லேப்டாப்கள் அதன் மேல் எதையும் எழுதாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸில் அந்தக் கார்டு இரண்டு மூன்று டிரைவ்களாகத் தெரியும். 'பூட்' என்று ஒன்று, கேம்கள் இருக்கும் 'ஈசிரோம்ஸ்' என்று ஒன்று. இடையில் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பகுதி ஒன்று இருக்கிறது. அதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, ஆகவே 'டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். எத்தனை முறை கேட்டாலும் கேன்சல். ஓகே கொடுத்தால் அழிவது கருவியின் மொத்த அமைப்பும்தான்.

பூட் டிரைவுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் முதலில் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்துவிடுங்கள். சிறிய ஃபைல்கள்தான், கொஞ்ச நேரத்தில் முடியும். அதன் பிறகே முழுக் கார்டையும் ஒரே இமேஜ் ஃபைலாக, அதாவது கார்டின் அச்சு அசல் நகலாக, எடுக்க வேண்டும். வின்32 டிஸ்க் இமேஜர் என்ற புரோகிராம் போதும், அதில் 'ரீட்' பட்டன். வரிசை முக்கியம். தரமற்ற கார்டு முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கும்போது சூடேறி நடுவில் உயிரை விடுவது உண்டு. விடுவதற்கு முன் டிடிபி கைக்கு வந்துவிட வேண்டும். 64 ஜிபி கார்டென்றால் கம்ப்யூட்டரில் 60 ஜிபிக்கு மேல் காலி இடம் வேண்டும். விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். படிக்கும்போது எர்ரர் காட்டி நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை இருக்கிறது. கெட்ட இடத்தைத் தாண்டி மற்றதை எடுத்துவிட்டு, விட்டுப்போனதற்கு மீண்டும் வரும்.

புதிய கார்டு. அமைப்புக்கு 32 ஜிபி தாராளம், கேம்களுக்கு இரண்டாவது துளையில் 64 அல்லது 128. பெரிய கம்பெனிப் பெயர் அச்சிட்ட போலிகளும் சந்தையில் இருப்பதால், எழுதுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராம் கொண்டு ஒருமுறை முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலி கார்டு கம்ப்யூட்டரிடம் 64 ஜிபி என்று பொய் சொல்லும், உள்ளே இருப்பது எட்டோ பதினாறோ. முதலில் போட்ட கேம்கள் ஓடும், பிறகு போட்டவை பெயர் மட்டும் இருந்து திறக்காது. அப்டேட் கெடுத்துவிட்டது என்று பழி விழும் பல இடங்களில் உண்மையான குற்றவாளி இதுதான். இன்னொன்று, ஒரு கம்பெனியின் 64 ஜிபி கார்டும் இன்னொன்றின் 64 ஜிபியும் அளவில் சில எம்பி வித்தியாசப்படும். பெரியதில் எடுத்த முழு இமேஜ் சிறியதில் அடங்காது.

புதிய ஆர்க்ஓஎஸ் இமேஜைக் கார்டில் எழுத பலேனா எட்ச்சர் அல்லது ரூஃபஸ் புரோகிராம். எக்ஸ்இசட் சுருக்கத்தில் வரும் இமேஜை எட்ச்சர் அப்படியே எடுத்துக்கொள்ளும். 7இசட் என்றால் முதலில் பிரித்தாக வேண்டும். எழுதி முடித்ததும் எட்ச்சர் தானே சரிபார்க்கும். அவசரத்தில் அதைத் தவிர்க்காதீர்கள். பிறகு கார்டை உருவி மீண்டும் செருகி, புதிய பூட் டிரைவில் இருக்கும் டிடிபிக்கு வேறு பெயர் கொடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பழைய கார்டிலிருந்து எடுத்ததை அங்கே போடுங்கள். அதே டிரைவில் பூட்.ஐஎன்ஐ என்ற ஃபைலை நோட்பேடில் திறந்தால் அது எந்த டிடிபியைக் கூப்பிடுகிறது என்று தெரியும். நீங்கள் போட்டதன் பெயர் அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். படம் வந்து ஜாய்ஸ்டிக்கோ சத்தமோ வேலை செய்யாவிட்டால், பழைய டிடிபி புதிய அமைப்பின் மையப் பகுதியான கெர்னலோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதே பேனலுக்கு, புதிய பதிப்புக்கென்று செய்த டிடிபியைத் தேடிப் போட வேண்டும். பழைய கார்டை ஏற்கெனவே தொலைத்தவர்கள் பேனல் 1இலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். தவறானதைப் போட்டால் படம் வராது, எடுத்துவிட்டு அடுத்தது.

முதல் முறை ஆன் செய்யும்போது அமைப்பு கார்டின் மீதி இடத்தைப் பிரித்துக்கொள்ளும். சில நிமிடம் திரை இருட்டாகலாம், தானே அணைந்து மீண்டும் எழலாம். அப்போது பொறுமையிழந்து பட்டனை அமுக்கினால் கதை முதலிலிருந்து. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். சார்ஜுக்குச் சாதாரண 5 வோல்ட் அடாப்டரும் சார்ஜர் பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி-ஏ முனையுள்ள கேபிளும் போதும், ஃபோனின் ஃபாஸ்ட் சார்ஜரை இதற்கு மாட்ட வேண்டாம். வைஃபை டாங்கிள் மாட்டி மெனுவிலிருந்தே அப்டேட் கொடுக்கிறவர்களுக்கும் மேலே சொன்னது பொருந்தும். அந்த வழியிலும் டிடிபி மாற்றி எழுதப்படலாம்.

'அப்டேட் பண்ணினதும் கேம் எல்லாம் போச்சு' என்ற புகாருக்கு ஒரு வார்த்தை. ஆர்க்ஓஎஸ் இமேஜில் கேம்கள் இருக்காது. பதிப்புரிமை உள்ளவற்றை அதோடு சேர்த்துத் தர முடியாது. ஈசிரோம்ஸ் ஃபோல்டர்களைப் பழைய படியிலிருந்து நீங்களே மாற்ற வேண்டும். பிள்ளைகள் அழுவது கேமுக்கு அல்ல, விளையாடி வந்த இடம் போனதற்கு. அதில் இரண்டு வகை உண்டு. கேமுக்குள்ளேயே 'சேவ்' கொடுத்தது எஸ்ஆர்எம் என்று முடியும் சிறிய ஃபைலாக இருக்கும். அது பழைய கேசட்டின் பேட்டரி மெமரிக்குச் சமம், பெரும்பாலும் எந்தப் பதிப்பிலும் திறக்கும். பட்டன் சேர்க்கையால் நின்ற இடத்திலேயே உறைய வைப்பது 'ஸ்டேட்' ஃபைல். அது பழைய கருவியைப் போல நடந்து கேமை ஓட்டும் எமுலேட்டர் சாஃப்ட்வேரின் அந்தந்தப் பதிப்போடு பிணைந்தது, அப்டேட்டுக்குப் பிறகு திறக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே அப்டேட்டுக்கு முந்தைய நாளே ஒவ்வொரு கேமிலும் உள்ளே போய் முறையாக சேவ் கொடுத்து, கேமை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். எஸ்ஆர்எம் ஃபைல் பொதுவாகக் கேமை மூடும்போதுதான் கார்டில் எழுதப்படுகிறது.

ஆர்36எஸ் போலிகளில் சிலவற்றில் உள்ளேயே மெமரி சிப் வைத்து வேறு அமைப்பை ஏற்றியிருக்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு கார்டையும் எடுத்துவிட்டு ஆன் செய்வது. மெனு வந்தால் உள்மெமரி இருக்கிறது. அதில் ஆர்க்ஓஎஸ் ஏற்றும் ஆசையை விட்டுவிடுவது நலம்.

சோனி பிஎஸ்பி வைத்திருப்பவர்கள் மேலே படித்ததை அதற்குப் பொருத்த வேண்டாம். அதன் அமைப்பு உள்ளே நாண்ட் மெமரியில் இருக்கிறது. அப்டேட் நடக்கும்போது மின்சாரம் அறுந்தால் கருவி நிஜமாகவே செத்துவிடும். முதல் 1000 மாடலைப் பாண்டோரா பேட்டரி என்ற வித்தையால் எழுப்பலாம். 3000ஐ மீட்பது மிகக் கடினம். கடைசி அதிகாரபூர்வ பதிப்பு 6.61, 2015இல் வந்தது. மெமரி ஸ்டிக்கில் பிஎஸ்பி, கேம், அப்டேட் என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஃபோல்டர் வைத்து ஈபூட்.பிபிபி ஃபைலைப் போட வேண்டும். சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும், பேட்டரியிலும் சார்ஜ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தொடங்காது. உப்பிய பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நிபந்தனையைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழிகள் உண்டு, வேண்டவே வேண்டாம். ஏற்காட்டில் கோடை மழையோடு காற்றடித்தால் எந்த நேரமும் கரண்ட் போகும். கீழே சேலத்திலும் பராமரிப்பு மின்தடை நாள்கள் இருக்கின்றன. உங்கள் நாளிதழிலேயே மின்தடைப் பகுதிகளின் பட்டியல் வருகிறது, அன்றைக்கு இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். கார்டு எழுதுவதையும் அதே காரணத்துக்காக லேப்டாப்பில் செய்யுங்கள்.

மீடியா, சாமுராய் என்ற பெயர்களில் வந்த கேசட் டிவி கேம்களுக்கு அப்டேட் என்று ஒன்று கிடையவே கிடையாது. கருவியில் மாற்றி எழுதும் மெமரியே இல்லை, புரோகிராம் இருப்பது கேசட்டில். அதற்கு 'சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம்' என்று காசு கேட்டால் எழுந்து வந்துவிடலாம். கேசட்டின் உலோகத் தொடுமுனை விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பாதி பழுது தீரும்.

கடைசியாகக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். 'கார்டு மாற்றித் தருகிறோம்' என்று பழைய கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஃபார்மேட் செய்து வேறொருவருக்கு விற்கும் வழக்கத்தை விடுங்கள். அந்த ஐம்பது நூறு ரூபாய்க்காக வாடிக்கையாளரின் டிடிபி போகிறது. பழைய கார்டை ஒரு கவரில் போட்டு அவரிடமே கொடுங்கள். கருவியின் பின்பக்கம் பேட்டரி மூடிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பேனல் எண், ஏற்றிய பதிப்பு, தேதி மூன்றையும் எழுதுங்கள். அடுத்த முறை அது எந்தக் கடைக்குப் போனாலும் அங்கிருப்பவருக்குத் தேடும் வேலை இருக்காது.

இப்படிக்கு,
பழைய வீடியோ கேம் கருவிகளைப் பழுதுபார்க்கும் நண்பர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.