கொழுந்து பறிக்கும் நேரத்துக்கு அங்கன்வாடி

ஆசிரியருக்கு,

அங்கன்வாடிகள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020 தேசிய கல்விக் கொள்கையே சொல்கிறது. 50 பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆனால் நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் நாலைந்து பேர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் சிறு தோட்டங்களுக்கு அது எட்டவே இல்லை.

போன வாரம் எங்கள் ஊருக்குக் கீழே, சில்வர் ஓக் மரத்தில் கட்டிய தூளியில் ஒரு கைக்குழந்தை. பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது நான்கு வயது அக்கா. அங்கன்வாடி திறக்கும் முன்பே வேலைக்கு இறங்கியாக வேண்டிய அம்மா என்னதான் செய்வாள்? மலை மாவட்டத்திலாவது மையங்களைக் காலை 7.30 மணிக்கே திறந்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடுதலாக ஓர் உதவியாளரை அரசு நியமிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி