சேகரிப்புகளுக்கும் ஒரு முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஏப்ரலில் பகவத் கீதை, நாட்டிய சாஸ்திரச் சுவடிகள் அரிய ஆவணங்களுக்கான யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்ததை நாளிதழ்கள் கொண்டாடின. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பதிவேட்டில் இந்தியாவிலிருந்து முதலில் ஏறியவை தமிழ் மருத்துவச் சுவடிகள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் அந்தத் தொகுப்பு 1997-லேயே இடம்பெற்றுவிட்டது. 2003-ல் சேர்ந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களில் ஒரு பகுதி நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 2005-ல் புதுச்சேரியின் சைவச் சுவடிகள் சேர்ந்தன.

ஆனால் யுனெஸ்கோவையே நம்பியிருக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நாட்டுக்கு இரண்டு விண்ணப்பம், அவ்வளவுதான். ஆகவே சிறந்த தொகுப்புகளுக்குத் தமிழக அரசே ஒரு பதிவேடு தொடங்கி, அதில் சேர்பவற்றுக்கு ஒரு முத்திரை தர வேண்டும் என்பது என் கோரிக்கை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 75 ஆண்டு கடந்த மதிப்புள்ள சுவடியைத் தொல்பொருளாக ஏற்கிறது. ஆனால் சிலை, சுவடி என்று தனித்தனிப் பொருளாகத்தான் அது பார்க்கும். ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அந்தக் கண்ணால் பார்த்தால் பாதிகூடத் தேறாது. கோட்டையூர்க்காரரான அவர் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய நூல்களோடு இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். ஒரு நோட்டீஸைத் தனியாக எடைக்குப் போட்டால் காலணா தேறாது. சுமார் 1 லட்சம் உருப்படிகள் ஒன்றாக இருப்பதால்தான் தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் அங்கே போகிறார்கள். 1992-ல் அவர் காலமான பிறகு அதை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம், நாம் அல்ல. நல்லவேளை, தொகுப்பு கடல் கடக்காமல் 1994-ல் சென்னையிலேயே நூலகமானது.

இங்கிலாந்தில் இப்படியொரு திட்டம் 1997 முதல் இருக்கிறது. முதலில் அருங்காட்சியகங்களுக்கு, 2005 முதல் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும். அதில் எனக்குப் பிடித்த விஷயம், தேசிய அருங்காட்சியகங்களுக்கு அங்கே இடம் கிடையாது. வெளியூர்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கிடக்கும் அரிய தொகுப்புகளுக்குத்தான் முத்திரை. நிறுவனமே விண்ணப்பிக்கும், வல்லுநர் குழு முடிவு செய்யும். தேர்வான தொகுப்புகளுக்கென்று தனி நிதியும் தரப்பட்டது.

இங்கே அப்படியொரு திட்டம் வாசலில் பலகை மாட்டுவதோடு நின்றுவிடுமோ என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது. பலகையைத் திறக்க மட்டும் எல்லாரும் வருவார்கள்! அப்புறம், வீட்டில் சுவடி வைத்திருப்பவர்கள் அரசு வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயந்தே வாய் திறப்பதில்லை. உரிமை அவர்களுடையதே என்று அரசாணையின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதிலாகத் தொகுப்பைப் பிரித்து விற்கக் கூடாது, ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும், மின்படி எடுக்க அனுமதிக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்கலாம். ஓலைக்குப் புல்தைலம் பூசவும், எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒழுங்கான அட்டவணை தயாரிக்கவும், அரசு ஆளும் பணமும் தரட்டும்.

புதுக்கோட்டை ஞானாலயா போன்ற தனியார் நூலகங்களிலிருந்து தொடங்கலாம். சேர்த்தவர் இருக்கும்போதே முத்திரை வந்தால்தான் பயன். அவர் போன பிறகு வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எது அரிய நூல், எது பழைய பேப்பர் என்று சொல்ல ஆள் இருக்காது.

ஒரு சிக்கல் உண்டு. அருங்காட்சியகங்கள் பண்பாட்டுத் துறையிடமும், பொது நூலகங்கள் பள்ளிக் கல்வித் துறையிடமும், ஆவணக் காப்பகம் உயர்கல்வித் துறையிடமும் இருக்கின்றன. மூன்று துறைகளையும் ஒரே குழுவில் உட்கார வைக்க முதல்வர் அலுவலகம்தான் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
காரைக்குடி.