நாற்காலிக்கு முன்னால் ஒரு மணைப்பலகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன கைவேலை பழக்கலாம் என்று வாசகர்கள் சிலர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார்கள். தச்சு வேலை பழக்கலாம் என்று ஒருவர் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் முதல் வேலையாக அவர் சொன்னது நாற்காலி. அதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன்.

நான் சென்னிமலையில் 38 ஆண்டுகளாகக் கைத்தறி நெய்பவள். தறிக்கட்டை உளுத்தாலும் மிதிபலகை முறிந்தாலும் ஆசாரி வரும்வரை நெசவு நின்றுவிடும். அந்தக் கூலி இழப்புக்குப் பயந்துதான் வாளும் உளியும் பிடிக்கப் பழகினேன். எங்கள் தறிக்கு வேலை பார்த்த வயதான ஆசாரி ஒருவர் சொல்லித்தந்தார். அவர் என்னை முதலில் செய்ய வைத்தது, தரையில் போட்டு உட்காரும் மணைப்பலகை. இன்றும் அதில் உட்கார்ந்துதான் துணியின் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குழலில் சுற்றுகிறேன்.

போன மாதம் திருப்பூரிலிருந்து வந்த பேரன், 12 வயது, நாற்காலி செய்கிறேன் என்று இறங்கினான். பலகையின் ஓரத்தில் மூன்று அங்குல ஆணியை அடித்தான், பலகை பிளந்தது. நான்கு கால்களும் நான்கு உயரத்தில் நின்றன. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று தூக்கியது. "எனக்கு இது வராது அம்மிச்சி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அந்த வயதில் ஒரு பிள்ளை அப்படி முடிவு செய்துவிட்டால் பிறகு வாளைத் தொடமாட்டான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் மணைப்பலகை செய்வோம் என்று சொல்லி, மறுநாள் காலையில் அவனை மரக்கடைக்கு அழைத்துப்போனேன். ஆறு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனத்தில் வேப்பம்பலகை மூன்றேகால் அடி. இரண்டு அங்குல அகலம், ஒரு அங்குலக் கனத்தில் ரீப்பர் என்னும் சிறு சட்டம் இரண்டடி. கடையிலேயே இழைத்து வாங்கிக்கொண்டோம். மரம் அவ்வளவுதான். வீட்டில் கைவாள், டேப், மூலைமட்டம், டிரில், திருப்புளி, உப்புத்தாள் இருந்தன. ஒன்றரை அங்குல ஸ்குரூ எட்டு வாங்கினோம்.

இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிப் பலகையும் மலிவாகக் கிடைக்கும், அறுக்கவும் இளகியது. ஆனால் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

பலகையில் 18 அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு, ரீப்பரில் 11 அங்குலத்துக்கு இரண்டு துண்டு. முதல் துண்டை அறுத்த பிறகே இரண்டாவதை அளக்க வேண்டும். இரண்டுக்கும் முன்கூட்டியே கோடு போட்டால், வாள் தின்ற அளவுக்கு இரண்டாவது துண்டு குறைந்துபோகும். ஆசாரி எனக்குச் சொன்னதையே பேரனுக்கும் சொன்னேன்: வாள் கோட்டைத் தின்னக்கூடாது, கழிவுப் பக்கமாகவே ஓட வேண்டும். நம் கைவாள் தள்ளும்போது அறுப்பது. அதனால் முதலில் இரண்டு மூன்று முறை பின்னுக்கு மெதுவாக இழுத்துத் தடம் போட்டுக்கொண்டு, பிறகு தள்ள வேண்டும். மிஞ்சிய சிறு துண்டில் உப்புத்தாளைச் சுற்றினால் தேய்க்கும் கட்டை ஆகிவிடும்.

மரத்தைப் பற்றிப் பேரனுக்குத் தறியை வைத்துத்தான் விளக்கினேன். துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு; பலகையில் நீளவாக்கில் ஓடும் நார்தான் அந்தப் பாவு. அந்த வாக்கில் மரம் கூடுவதும் குறைவதும் இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில், அதாவது ஊடை ஓடும் பக்கம், பங்குனி வெயிலில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அகலமான ஒற்றைப் பலகையைக் குறுக்குக் கட்டையில் பசை போட்டு இறுக்கினால் அது நகர வழியில்லாமல் வெடிப்பது இதனால்தான். நாங்கள் பசையே போடவில்லை. இரண்டு பலகைகளையும் கவிழ்த்து, நடுவே இரண்டு தீக்குச்சிகளைச் செருகி இடைவெளி விட்டோம். இரு முனையிலிருந்தும் மூன்று அங்குலம் தள்ளி ரீப்பர்களைக் குறுக்கே வைத்தோம். பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தோம்; இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் கோணல் இல்லை. தறியை நிலைநிறுத்தும்போதும் நாங்கள் செய்வது இதுதான்.

ஸ்குரூவை அடிப்பக்கத்திலிருந்துதான் முடுக்க வேண்டும். மேலே தலை தெரிந்தால் சேலையைக் கிழிக்கும். துணி நெய்கிறவளுக்கு அது பொறுக்காது. ரீப்பரில் ஸ்குரூ தாராளமாக நுழையும் துளை, பலகையில் அதைவிட மெல்லிய துளை. துளை போடாமல் ஆணி அடித்ததுதான் நாற்காலிப் பலகையைப் பிளந்தது என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். டிரில் ஊசியில் ஒன்றரை அங்குலத்தில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டேன். நூல் மரத்தைத் தொட்டதும் நிறுத்தினால் மேற்பக்கம் ஓட்டை விழாது. ஒவ்வொரு ரீப்பருக்கும் நான்கு ஸ்குரூ, பலகைக்கு இரண்டாக.

உப்புத்தாளை 80, 120, 220 எண் என்று கரடானதிலிருந்து மெல்லியதுக்கு வரிசையாக, பாவு ஓடும் வாக்கிலேயே தேய்த்தோம். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். காங்கேயத்து எண்ணெய் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவிவிடாதீர்கள். அது உலராது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக்கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட வேண்டும். பெரியவர்கள் இதை நேரில் நின்று கவனிக்க வேண்டும்.

இரண்டு காலைப்பொழுதில் வேலை முடிந்தது. அளப்பது, அறுப்பது, மட்டம் பார்ப்பது, துளைப்பது, தேய்ப்பது எல்லாம் அதற்குள் அவன் கைக்கு வந்திருந்தன. ஒரு மூலை லேசாக ஆடியது. அடியில் நான்கு இழுப்பு தேய்த்ததும் நின்றுவிட்டது. நாற்காலியில் அப்படித் திருத்த முடியுமா? எண்ணெய் காய்ந்ததும் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான், இரண்டு முறை சோறு வாங்கி.

காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தான் நடு. என் அப்பா அந்த முறையில் நடந்த பள்ளியில் படித்தவர்; தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்ற கதையைக் கடைசிவரை சொல்வார். இன்று பள்ளியில் அதற்கு நேரம் இல்லை என்கிறார்கள். வீட்டில் இருக்கிறது. தாங்கள் விடுமுறைப் பக்கத்தில் வாரம் ஒன்றாக இப்படிச் சிறு பொருள்களை அளவோடும் படத்தோடும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் மணைப்பலகை வரட்டும். அளவுகளை நானே வரைந்து அனுப்புகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீதிப் பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள். பலகைக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு கைத்தறி நெசவாளி,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.