அந்தச் சின்ன மாத்திரைச் சீட்டுகள்: எங்கள் ஊர் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் எழுதும் சீட்டுகள் கடைசியில் என் மருந்துக் கடைக்குத்தான் வருகின்றன. அவற்றில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதிய சீட்டுகளைப் பற்றியே இந்த மடல்.

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது, உயிர் போய்விடும் போலிருக்கிறது என்று அலறியடித்து வருகிறார்கள். ஈ.சி.ஜி. எடுக்கிறீர்கள், எடுக்கத்தான் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், "ஒன்றுமில்லை, கேஸ்தான்" என்று வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோலும் அல்பிரசோலமும் எழுதி அனுப்பிவிடுகிறீர்கள். வந்தது பேனிக் அட்டாக் என்னும் திடீர்க் கடும் பயம், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணிந்துவிடும் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. அடுத்த முறை வேறு மருத்துவமனை, இன்னொரு ஈ.சி.ஜி. நாளடைவில் பஸ்ஸில் தனியாக ஏறவே பயம்.

அல்பிரசோலம் சீக்கிரமே கேட்கும். சிக்கலே அதுதான். மடிப்பில் கிழிந்துபோன பழைய சீட்டை நீட்டி, "அந்தச் சின்ன மாத்திரை மட்டும் போதும்" என்கிறார்கள். சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறது, 0.25 மி.கி. என்ற அளவு இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்பது மட்டும் இல்லை. விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்து என்பதால் உங்கள் பெயர், நோயாளியின் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுகிறேன். அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சில வாரங்களுக்கு மேல் போனால் உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்பவன் நான். (சீட்டே இல்லாமல் விற்கும் கடைகளும் உண்டு. அந்தச் சண்டையை எங்கள் சங்கத்தில் போட்டுக்கொள்கிறேன்.)

பதற்றத்துக்கு நீண்ட நாள் எடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளை எழுதுபவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். நல்லது. ஆனால் முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் கூடலாம், குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று சொல்லி அனுப்புங்கள். சொல்லாததால் மூன்றாம் நாளே, "ஒத்துக்கொள்ளவில்லை" என்று மீதி அட்டையைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். நன்றாக ஆனவர்களோ அடுத்த மாதமே நிறுத்திவிடுகிறார்கள். பல மாதங்கள் தொடர வேண்டும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி.

மாத்திரை இல்லாமலும் பலருக்குக் குணமாகிறது. பயப்படும் இடத்துக்கே படிப்படியாகப் போய்ப் பழக்கும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதற்குப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் கிடைப்பது கடினம்தான். ஆனாலும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பலாம். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணைச் சீட்டின் ஓரத்தில் எழுதலாம். அது இலவசம், தமிழிலேயே பேசலாம். "மனநல மருத்துவரா, எனக்கென்ன பைத்தியமா?" என்று என்னிடம் சீறுபவர்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அல்பிரசோலம் எழுதினால் எத்தனை நாளைக்கு என்று எழுதுங்கள். நாள் குறிக்காத புதுச் சீட்டு வந்தால் இனி உங்களுக்கே போன் செய்து கேட்பேன். கூட்ட நேரமாக இருந்தாலும் எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருந்துக் கடைக்காரன்